ஒளி வைத்தியமும் நம்ம தோலும்



செம்பனைத் தோட்டம் ஒன்றில் அண்மையில் நடந்த ஒரு பேச்சோடு இம்மாதப் பகுதியைத் தொடங்குகிறோம்.

நாற்றுமேட்டில் வேலை செய்யும் ஒரு பெண். வயது 24. வருகிற தை மாதம் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது. கையில் ஒரு வண்ணத் தாளை வைத்துக்கொண்டு வந்து நின்றாள். பட்டணத்து அழகு நிலையம் ஒன்று அச்சடித்துக் கொடுத்த தாள் அது. லேசர் ஒளி பாய்ச்சினால் முகத்திலுள்ள கருமை போய்விடும், பத்து தடவை வரவேண்டும், மொத்தம் 3,400 வெள்ளி, தவணையிலும் கட்டலாம் என்று அதில் போட்டிருந்தது.

"அண்ணே, இதுக்குப் போகலாமா? கன்னத்துல இருக்கிற இந்தக் கருப்பு போயிடுமாமே?" என்று கேட்டாள்.

கூட வந்திருந்த தாயார் சொன்னார்: "நீங்களே சொல்லுங்க தம்பி. பொண்ணு பார்க்க வந்த அன்னிக்கே ஒரு அம்மா வாய தொறந்துட்டாங்க, பொண்ணு நெறம் கம்மின்னு. அன்னையிலேருந்து இவ சரியா சாப்பிடறதே இல்ல."

இந்நாட்டில் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 2025ஆம் ஆண்டு முதல் 1,700 வெள்ளி. ஆகவே அந்தத் தாளில் இருந்த தொகை, வெயிலில் நின்று உழைத்த இரண்டு முழு மாதச் சம்பளம். போகாதே என்று ஒரே வார்த்தையில் அந்தப் பெண்ணிடம் சொல்லியிருக்கலாம். ஆனால் அது முழு உண்மை ஆகாது. ஒளியைக் கொண்டு தோலுக்குச் செய்யும் வைத்தியம் ஏமாற்று வேலை அல்ல. எத்தனையோ பேருக்கு அது பெரிய நன்மை செய்திருக்கிறது. அதே ஒளி, தவறான கையில், நம்மைப் போன்ற மாநிறத் தோலையும் கருந்தோலையும் சுட்டும் விடும். எது நன்மை, எது ஆபத்து என்று தெரிந்துகொண்டால் முடிவு எடுப்பது சுலபம். அதைத்தான் இம்மாதம் பார்க்கப் போகிறோம்.

நம் தோலின் நிறம் எங்கிருந்து வருகிறது?

தோலின் மேல் அடுக்கில் மெலனின் என்ற நிறமி இருக்கிறது. அதை உண்டாக்கும் நுண்ணறைகள் வெள்ளைக்காரருக்கும் நமக்கும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் இருக்கின்றன. நமக்கு அவை நிறமியை அதிகமாகவும் பெரிய துகள்களாகவும் செய்கின்றன. வேறுபாடு அவ்வளவே.

இந்த நிறமி சும்மா இருப்பதில்லை. வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர்களை உறிஞ்சி, உள்ளே இருக்கும் அறைகளைக் காக்கிறது. வெயிலால் வரும் தோல் புற்றுநோய் வெள்ளைத் தோலுக்கு அதிகமாகவும் நமக்குக் குறைவாகவும் வருவதற்கு இதுவே முக்கிய காரணம். பகல் முழுவதும் திறந்த வெளியில் பாடுபடும் நமக்கு, கூலி கேட்காமல் குடை பிடிக்கும் வேலையாள் இந்த மெலனின்தான். ஆகவே முதலில் ஒன்றை மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். தோலின் இயற்கை நிறம் நோய் அல்ல. நோய் இல்லாததற்கு வைத்தியமும் இல்லை.

வெயில் எந்தத் தோலை எவ்வளவு சுடும் என்பதைக் கணக்கிட அமெரிக்காவில் டாக்டர் பிட்ஸ்பேட்ரிக் என்பவர் 1975இல் ஒரு வகைப்பாடு செய்தார். அப்போது அவர் வெள்ளைத் தோலை மட்டுமே நான்கு வகையாகப் பிரித்திருந்தார். பழுப்புத் தோலும் கருந்தோலும் ஐந்தாவது, ஆறாவது வகைகளாகப் பின்னர்தான் சேர்க்கப்பட்டன. நம்மவர்களில் பெரும்பாலோர் நான்கு முதல் ஆறு வரையிலான வகைகளில் அடங்குவர். தோல் வைத்தியக் கருவிகளின் கதையும் இப்படித்தான். முதலில் வெள்ளைத் தோலுக்காகச் செய்தார்கள். நம் தோலுக்குப் பொருந்தும் கருவி பிறகே வந்தது.

ஒளி மருந்தான கதை

டென்மார்க் நாட்டு மருத்துவர் நீல்ஸ் பின்சன், தோலில் வரும் காசநோயை விளக்கொளி கொண்டு குணப்படுத்தினார். முகத்தைத் தின்று சிதைக்கும் கொடிய நோய் அது. அதற்காக 1903இல் அவருக்கு நோபல் பரிசு கொடுத்தார்கள். ஒளி வெறும் வெளிச்சம் அல்ல, மருந்தாகவும் ஆகும் என்று உலகம் ஒப்புக்கொண்டது அப்போதுதான்.

அடுத்த பெரிய மாற்றம் 1960இல் வந்தது. அமெரிக்காவில் தியோடர் மைமன் என்ற விஞ்ஞானி முதல் லேசர் கருவியை இயக்கிக் காட்டினார். சாதாரண விளக்கொளி எல்லா நிறமும் கலந்தது, எல்லாப் பக்கமும் சிதறும். லேசர் ஒளியோ ஒரே நிறம், ஒரே நேர்க்கோடு. சில ஆண்டுகளுக்குள்ளேயே லியோன் கோல்ட்மன் என்ற தோல் மருத்துவர் அதை மனிதத் தோலில் பரிசோதிக்கத் தொடங்கினார். ஆனால் அந்தக் காலத்துக் கருவிகளில் ஒரு குறை இருந்தது. வேண்டாத மச்சத்தைச் சுட்டால் பக்கத்துத் தோலும் சேர்ந்து வெந்துவிடும். மச்சம் போய்த் தழும்பு நிற்கும்.

இந்தச் சிக்கலுக்கு வழி சொன்னவர்கள் ஆண்டர்சன், பாரிஷ் என்ற இரு அமெரிக்க மருத்துவர்கள். ஆண்டு 1983. அவர்கள் சொன்னதை நம் தோட்டத்து வேலையை வைத்தே விளங்கிக்கொள்ளலாம்.

செம்பனையைச் சுற்றி வட்டம் அடிக்கிறோம். எதற்காக? புல் சாக வேண்டும், பனை சாகக் கூடாது. அதற்கு மூன்று காரியங்களில் கவனம் வேண்டும். எந்த மருந்து, எவ்வளவு கலப்பது, எவ்வளவு நேரம் அடிப்பது. லேசருக்கும் இதே கணக்குத்தான். எந்த நிற ஒளி, எவ்வளவு பலம், எவ்வளவு நேரம். ரத்தக் குழாய் ஒரு நிற ஒளியை விழுங்கும். மச்சத்திலும் முடியிலும் உள்ள கருப்பு வேறு ஒரு நிற ஒளியை அதிகமாக விழுங்கும். எதைத் தாக்க வேண்டுமோ அது விழுங்கும் ஒளியைத் தேர்ந்தெடுத்து, கண் சிமிட்டும் நேரத்தைவிடக் குறைவான நேரம் பாய்ச்சினால், அது மட்டும் சூடாகி அழியும். பக்கத்துத் தோலுக்குச் சூடு பரவுமுன் ஒளி நின்றுவிடும். சூடான தோசைக் கல்லை விரல் நுனியால் சட்டென்று தொட்டு எடுத்தால் சுடாது, அழுத்திப் பிடித்தால் கொப்பளிக்கும் அல்லவா? அதைப் போலத்தான்.

இன்றைய தோல் வைத்தியக் கருவிகளில் பெரும்பாலானவை இந்தக் கணக்கை வைத்துத்தான் வேலை செய்கின்றன.

கருந்தோலில் என்ன ஆபத்து?

உச்சி வெயிலில் கருப்புத் தகரத்தையும் வெள்ளைத் துணியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் தொட்டுப் பாருங்கள். தகரம் சுடும். கருப்பு, ஒளியை அதிகமாக விழுங்குகிறது.

முடியை நீக்கப் பாய்ச்சும் லேசர், முடியின் வேரிலுள்ள கருப்பைத் தேடிப் போகிறது. வெள்ளைத் தோலில் அந்தக் கருப்பு வேரில் மட்டுமே இருக்கிறது. நம் தோலிலோ வேரிலும் கருப்பு, அதற்கு மேலுள்ள தோலிலும் கருப்பு. புல்லும் இளங்கன்றும் ஒரே இடத்தில் நெருங்கி நிற்கும்போது மருந்தடிப்பதைப் போன்ற நிலை இது. கை கொஞ்சம் தவறினாலும் கன்று கருகிவிடும். தோல் கருகினால் முதலில் கொப்புளம் வரும். கொப்புளம் ஆறியபின் அந்த இடம் முன்பைவிடக் கருத்துப் போகும். சில சமயம் நிறமியே செத்து வெள்ளைத் திட்டாக நிற்கும். கருமை போகப் பல மாதம் ஆகலாம். வெள்ளைத் திட்டு சிலருக்குத் திரும்பாமலே போகலாம்.

இதற்கும் விஞ்ஞானம் வழி கண்டிருக்கிறது. ஒளியின் அலை நீளமாக நீளமாக, மெலனின் அதை விழுங்குவது குறையும். அலையை அளக்கும் அளவு நானோமீட்டர். ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சமாகப் பிரித்தால் அதில் ஒரு பங்குதான் ஒரு நானோமீட்டர். வெள்ளைத் தோலில் முடி நீக்கப் பெரிதும் பயன்படும் அலெக்சாண்ட்ரைட் லேசரின் அலை 755 நானோமீட்டர். என்.டி. யாக் என்ற லேசரின் அலை 1,064 நானோமீட்டர். இந்த நீண்ட அலை மேல் தோலில் அதிகம் சிக்காமல் ஆழத்துக்கு இறங்கும். கருந்தோலுக்கு இதுவே பாதுகாப்பானது என்று மருத்துவர்கள் தேர்ந்தெடுக்கிறார்கள். இதோடு, ஒளி பாயும் நேரத்தில் தோலைக் குளிரவைக்கும் கருவியும் சேர்ந்து வந்திருக்கிறது.

இன்னொரு கருவியையும் தெரிந்துகொள்ளுங்கள். ஐ.பி.எல். என்று விளம்பரத்தில் போடுவார்கள். அது லேசரே அல்ல. பல நிறம் கலந்த பலமான மின்னல் விளக்கு. பல அழகு நிலையங்களில் இருப்பது இதுதான். நல்ல கருப்புத் தோலுக்கு இது ஆபத்து அதிகமான கருவி. லேசர் என்று சொல்லி இதையே பாய்ச்சும் இடங்களும் உண்டு. கேட்டுத் தெரிந்துகொள்வதில் வெட்கப்பட வேண்டியதில்லை.

எதற்கெல்லாம் இது நல்ல வைத்தியம்?

பிறந்த குழந்தையின் முகத்தில் திராட்சைச் சாற்றைக் கொட்டியதைப் போலச் சிவந்த மறு சில சமயம் இருக்கும். கிரகணத்தில் வெளியே போனதால் வந்தது என்று தாயைத்தான் குறை சொல்வார்கள். அது ரத்தக் குழாய்களின் பிறவிக் கோளாறு. தாயின் குற்றம் எதுவும் இல்லை. அதற்கென்றே உள்ள சாய லேசர் கொண்டு அதை மங்கச் செய்யலாம். சிறு வயதிலேயே தொடங்குவது நல்லது.

கண்ணைச் சுற்றியும் கன்னத்திலும் நீலம் பாய்ந்த மறு சிலருக்கு இருக்கும். ஜப்பானியரான ஓட்டா என்ற மருத்துவரின் பெயரால் அது அழைக்கப்படுகிறது. ஆசிய மக்களிடையே அதிகம் காணப்படுவது. அதையும் லேசர் நன்றாகக் குறைக்கும். இளம் வயதில் குத்திக்கொண்ட பச்சையும் அப்படியே. லேசர் பட்டதும் மை சிறு துகள்களாக உடையும். அந்தத் துகள்களை நம் உடம்பே மெல்ல மெல்ல அப்புறப்படுத்தும். கருப்பு மை சுலபமாகப் போகும். பச்சை, மஞ்சள் போன்ற வண்ண மைகள் அடம்பிடிக்கும். ஒரே தடவையில் போய்விடும் என்று யாரும் சொன்னால் நம்பாதீர்கள். பல தடவை, சில வார இடைவெளி விட்டுப் போக வேண்டியிருக்கும்.

பருக்கள் விட்ட குழித் தழும்புக்கும், தீப்பட்ட தழும்புக்கும் 2004 முதல் ஒரு புது முறை வந்திருக்கிறது. தோல் முழுவதையும் சுடாமல், ஊசி குத்தியதைப் போல் ஆயிரக்கணக்கான நுண்புள்ளிகளாக மட்டும் சுடுவது. இடையில் உள்ள நல்ல தோல் விரைவில் வளர்ந்து புண்ணை ஆற்றிவிடும். நம் தோலில் இதையும் குறைந்த பலத்தில், அதிக நாள் இடைவெளியில்தான் செய்ய வேண்டும்.

இவை எல்லாவற்றையும்விட நம் குடும்பங்களுக்கு அதிகம் தேவைப்படும் ஒளி வைத்தியம் ஒன்று உண்டு. அதைப் பற்றி எந்த விளம்பரத் தாளிலும் போடமாட்டார்கள்.

வெண்புள்ளிக்கு ஒரு விளக்கு

உடம்பில் வெள்ளை வெள்ளையாகத் திட்டு வரும் நோயை நம்மவர்கள் வெண்குஷ்டம் என்று சொல்லிப் பழகிவிட்டார்கள். இது பெரிய தவறு. குஷ்டத்துக்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. தொழுநோயாளருக்காக 1930இல் சுங்கை பூலோவில் தனிக் குடியிருப்பு திறந்த காலத்திலிருந்து, தோலில் ஒரு திட்டைப் பார்த்தாலே பிள்ளையைக் கொண்டுபோய் அங்கே விட்டுவிடுவார்கள் என்ற பயம் நம் லயங்களில் இருந்து வந்தது. அந்தப் பயத்தின் மிச்சம்தான் இந்தப் பெயர். வெண்புள்ளி ஒட்டுவாரொட்டி நோய் அல்ல. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தவறுதலாக நிறமி அறைகளைத் தாக்குவதால் வருவது. தொட்டால் பரவாது. சேர்ந்து சாப்பிட்டால் பரவாது. தொழுநோய்த் திட்டில் உணர்ச்சி மரத்துப் போகும், வெண்புள்ளியில் உணர்ச்சி இருக்கும். தொழுநோயும் இன்று மருந்தால் முழுக்கக் குணமாகிறது என்பதையும் மறந்துவிடலாகாது.

வெண்புள்ளிக்கும், செதில் செதிலாக உதிரும் சொரியாசிஸ் நோய்க்கும் புற ஊதா விளக்கு வைத்தியம் நல்ல பலன் தருகிறது. வெயிலில் உள்ள கதிர்களில் 311 நானோமீட்டர் அலையை ஒட்டிய சிறு பகுதியை மட்டும் பிரித்தெடுத்துத் தரும் விளக்கு இது. அலமாரியைப் போன்ற பெட்டிக்குள் நோயாளி நிற்பார். கண்ணுக்குக் கவசம் உண்டு. தொடக்கத்தில் சில விநாடி, போகப் போகக் கொஞ்சம் கூடுதல். வலி கிடையாது. வாரத்துக்கு இரண்டு அல்லது மூன்று தடவை, பல மாதம் போக வேண்டும். முகத்துத் திட்டில் நிறம் சீக்கிரம் திரும்பும். விரல் நுனியிலும் பாதத்திலும் திரும்புவது கஷ்டம்.

கோலாலம்பூர் மருத்துவமனையைப் போலத் தோல் பிரிவு உள்ள பெரிய அரசு மருத்துவமனைகளில் இந்த வைத்தியம் உண்டு. நேராக அங்கே போய் நிற்க வேண்டாம். முதலில் பக்கத்தில் உள்ள அரசு சுகாதாரக் கிளினிக்குக்குப் போங்கள். குடியுரிமை உள்ளவருக்கு அங்கே கட்டணம் 1 வெள்ளி. டாக்டர் பார்த்துவிட்டு மேலிடத்துக்குக் கடிதம் தருவார். தோட்டத்திலிருந்து வாரத்துக்கு மூன்று நாள் பட்டணம் போய்வருவது லேசான காரியம் அல்ல என்று நமக்குத் தெரியும். அதை டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். காலை முதல் நேரம் கேட்டு வாங்கலாம். முடியாவிட்டால் பூசும் மருந்தைக் கொண்டு தொடங்கும் வழியும் உண்டு.

கன்னத்துக் கருமையும் பசார் மாலாம் கிரீமும்

இப்போது நாம் தொடங்கிய பெண்ணிடம் வருவோம். அவள் கன்னத்தில் இருந்தது மங்கு. இரண்டு கன்னத்திலும் மூக்கிலும் நெற்றியிலும் பழுப்புப் படலமாகப் படரும். வெயில், பிள்ளைப்பேறு, கருத்தடை மாத்திரை, பரம்பரை எல்லாம் சேர்ந்து வருவது. லேசரை நம்பிப் போனவர்கள் பலர் ஏமாறுவது இந்த மங்கில்தான். சில வாரம் வெளுத்ததைப் போல் இருக்கும். வெயில் பட்டதும் திரும்பிவிடும். சிலருக்கு லேசரின் சூட்டாலேயே முன்பைவிட அதிகமாகிவிடும். ஆகவே மங்குக்கு முதல் வைத்தியம் லேசர் அல்ல. வெயில் மறைப்பும், டாக்டர் எழுதித்தரும் பூச்சு மருந்தும்தான்.

இன்னொரு விஷயமும் தெரியவந்தது. ஆறு மாதமாக ஒரு வெளுக்கும் கிரீமை அவள் பூசிவந்தாளாம். பசார் மாலாமில் வாங்கியது. டப்பாவில் யார் செய்தது என்று பெயர் இல்லை, எண்ணும் இல்லை.

"மொத ரெண்டு வாரம் நல்லா வெளுத்துச்சு அண்ணே. விட்டா கருக்குது, எரியுது. அதான் விடாம போடறேன்" என்றாள்.

தாய்மார்களே, கவனமாகப் படியுங்கள். ரெண்டே வாரத்தில் வெளுக்கவைக்கும் கிரீமில் பாதரசம் இருக்கலாம். அல்லது டாக்டர் சீட்டில்லாமல் விற்கக் கூடாத ஸ்டீராய்டு, ஹைட்ரோகுயினோன் போன்ற மருந்துகள் இருக்கலாம். பாதரசம் தோல் வழியாக உடம்புக்குள் இறங்கிச் சிறுநீரகத்தைக் கெடுக்கும். கை நடுக்கம் வரும். வயிற்றிலுள்ள பிள்ளையையும் பாதிக்கும். தாயின் கையிலும் துண்டிலும் ஒட்டியிருந்து வீட்டிலுள்ள குழந்தைகளுக்கும் போகும். ஸ்டீராய்டு தோலை மெலியவைத்து, நிறுத்தினால் எரியவைக்கும். அழகுப் பொருளில் இவற்றைச் சேர்ப்பதை மலேசியாவில் தடை செய்திருக்கிறார்கள். இங்கே சட்டப்படி விற்கும் ஒவ்வோர் அழகுப் பொருளுக்கும் என்.ஓ.டி. என்ற எழுத்துகளில் தொடங்கும் அறிவிப்பு எண் இருக்க வேண்டும். தேசிய மருந்துக் கட்டுப்பாட்டுப் பிரிவின் இணையத்தில் அந்த எண்ணைப் போட்டுப் பார்க்கலாம். வீட்டில் படிக்கிற பிள்ளைகளிடம் கொடுத்தால் கைப்பேசியில் பார்த்துச் சொல்லிவிடுவார்கள். எண் இருந்த சில கிரீம்களிலேயே பாதரசம் கண்டுபிடித்து ரத்து செய்ததும் உண்டு. எண்ணே இல்லாததைத் தொடவும் வேண்டாம்.

இப்படிப்பட்ட கிரீம் பூசி மெலிந்துபோன தோலில் லேசரையும் பாய்ச்சினால் என்ன ஆகும்? கேட்கவே வேண்டாம்.

நாளைக்குப் பிரட்டுக்குப் போகவேண்டும் அல்லவா?

பட்டணத்தில் குளிரூட்டிய அறையில் வேலை செய்பவருக்கும் நமக்கும் ஒரு பெரிய வேறுபாடு இருக்கிறது. லேசர் போட்ட பிறகு சில வாரம் அந்த இடத்தில் வெயில் படக் கூடாது. அதற்கு முன்பும் சில வாரம் வெயிலில் கருகாமல் இருக்க வேண்டும். வெயிலில் கருத்த தோலில் நிறமி இன்னும் அதிகம், சுடும் ஆபத்தும் அதிகம். குலை வெட்டுபவரும், உதிரிப்பழம் பொறுக்குபவரும், மருந்தடிப்பவரும் மறுநாள் காலை பிரட்டுக்குப் போயே ஆக வேண்டும். வியர்வையும் மண்ணும் மருந்துத் தூறலும் அந்தப் புண்ணான தோலில்தான் விழும். அழகு நிலையத்தில் இருப்பவர் இதைக் கேட்கமாட்டார். நீங்களாகவே சொல்ல வேண்டும்: "நான் வெயில்ல வேலை செய்யறேன்." நல்ல டாக்டராக இருந்தால் இதைக் கேட்டவுடன் நாள் தள்ளிப்போடுவார், அல்லது வேண்டாம் என்பார்.

தோலுக்கு அன்றாடம் செய்யும் வைத்தியம் நம் கையிலேயே இருக்கிறது. அகல விளிம்புத் தொப்பி, கழுத்தையும் கன்னத்தையும் மறைக்கும் துணி, நீளக் கை சட்டை. வெயில் தடுப்புக் கிரீம் பூசினால் எஸ்.பி.எப். 30க்குக் குறையாததாகப் பாருங்கள். வியர்வையில் கரைந்துவிடும், ஆகவே இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடியும் பூச வேண்டும். அது முடியாதவருக்குத் துணிதான் துணை.

வேலையில் தோல் வெந்தாலோ, அரிப்பும் வெடிப்பும் வந்தாலோ அழகு நிலையத்தில் அதற்கு மருந்து கிடையாது. மரப்பாலை உறையவைக்கும் பார்மிக் அமிலம், பாலைக் கெடாமல் வைக்கும் அம்மோனியா, களைக்கொல்லி, உரம், ரப்பர் கையுறை எல்லாமே தோலில் படை உண்டாக்கக்கூடியவை. தோலைச் சுட்டும், குடித்தால் உயிரைப் பறித்தும் வந்த பாராகுவாட் மருந்து 2020 முதல் இந்நாட்டில் தடை. மற்ற மருந்துகள் இன்னும் இருக்கின்றன. மேலே பட்டால் உடனே உடையைக் களைந்து, ஓடும் தண்ணீரில் நெடுநேரம் கழுவுங்கள். பிறகு டாக்டரிடம் காட்டி, வேலையால் வந்தது என்று சீட்டில் எழுதச் சொல்லுங்கள். வேலையால் வரும் நோய்க்கு 1969ஆம் ஆண்டு சமூகப் பாதுகாப்புச் சட்டத்தில் இடம் இருக்கிறது. எழுதப்படாத நோய்க்கு யாரும் ஈடு தரமாட்டார்கள்.

கைப்பேசி டாக்டர்

தோலைப் படம் பிடித்துக் காட்டினால் என்ன நோய் என்று சொல்லும் கணினி முறைகளும் வந்துவிட்டன. 2017இல் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தார் லட்சத்துக்கு மேற்பட்ட படங்களைக் காட்டி ஒரு கணினியைப் பழக்கினார்கள். தோல் புற்றுநோயைக் கண்டறிவதில் அது தோல் நிபுணர்களுக்கு ஈடாக இருந்தது. நல்ல செய்திதான். ஆனால் இம்முறைகள் பலவற்றுக்கும் காட்டப்பட்ட படங்களில் வெள்ளைத் தோலே அதிகம். கருந்தோலில் அவை தடுமாறுகின்றன என்று ஆராய்ந்தவர்களே சொல்கிறார்கள். வெள்ளைத் தோலில் சிவப்பாகத் தெரியும் வீக்கம் நம் தோலில் ஊதாவாகவோ கருப்பாகவோ தெரியும். பழக்காத கணினிக்கு அது புரியாது.

ஆகவே கைப்பேசியை டாக்டராக வைக்காதீர்கள், தபால்காரராக வைத்துக்கொள்ளுங்கள். பகல் வெளிச்சத்தில் தெளிவாகப் படம் எடுத்து, எந்தத் தேதியில் எப்படி இருந்தது என்று டாக்டரிடம் காட்டினால் அவருக்குப் பெரிய உதவி. உள்ளங்காலிலோ நகத்துக்கு அடியிலோ புதிதாகக் கருப்புக் கோடோ புள்ளியோ தோன்றிப் பெரிதாகி வந்தால் மட்டும் படம் எடுத்துக்கொண்டு காத்திருக்காதீர்கள். நம் தோலில் அரிதாக வரும் கருநிறப் புற்றுநோய் அந்த இடங்களில்தான் பெரும்பாலும் ஒளிந்திருக்கும். உடனே கிளினிக்குக்குப் போங்கள்.

பணம் கட்டுமுன் கேட்க வேண்டியவை

லேசருக்குப் போகத்தான் போகிறோம் என்று முடிவு செய்தவர்கள், கையெழுத்துப் போடுமுன் இவற்றைக் கேளுங்கள்.

ஒன்று: கருவியைப் பிடிக்கப்போவது பதிவு பெற்ற டாக்டரா? சுகாதார அமைச்சு அழகு மருத்துவம் செய்யும் டாக்டர்களுக்கென்று எல்.சி.பி. என்ற தனிச் சான்று தருகிறது. அதைக் காட்டச் சொல்லலாம்.

இரண்டு: என் தோலில் இருப்பது என்ன நோய்? அதற்குப் பெயர் என்ன?

மூன்று: எந்தக் கருவி? என்னைப் போன்ற நிறமுள்ளவருக்கு அதை முன்பு பயன்படுத்தியிருக்கிறீர்களா?

நான்கு: முதலில் காதுக்குப் பின்னாலோ வேறு மறைவான இடத்திலோ சிறு சோதனை செய்து, சில வாரம் பொறுத்துப் பார்ப்பீர்களா? கண்ணுக்குக் கவசம் உண்டா?

ஐந்து: வெந்துவிட்டால் யார் பார்ப்பார்கள்? பாதியில் நிறுத்தினால் மீதிப் பணம் திரும்புமா?

அந்தப் பெண் இந்த ஐந்தையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு, தாயாரையும் கூட்டிக்கொண்டு பட்டணம் போனாள். திரும்பி வந்து சொன்னாள்: "மொத கேள்விக்கே பதில் வரல அண்ணே. டாக்டர் எப்பயாச்சும் வருவாருன்னாங்க. இன்னிக்கே கட்டினா முன்னூறு வெள்ளி தள்ளுபடின்னாங்க."

கட்டவில்லை. மறுநாள் அரசுக் கிளினிக்குக்குப் போனாள். டாக்டர் முதலில் கிரீமை நிறுத்தச் சொன்னார். டப்பாவை வாங்கி வைத்துக்கொண்டு, ரத்தமும் சிறுநீரும் சோதிக்க அனுப்பினார். நிறுத்திய முதல் வாரங்களில் முகம் சிவந்து எரிந்தது. அழுதிருக்கிறாள். இப்போது எரிச்சல் தணிந்திருக்கிறது. மங்கு கொஞ்சம் இருக்கத்தான் செய்கிறது. தொப்பியும் துணியும் இல்லாமல் நாற்றுமேட்டுக்கு அவள் போவதில்லை. தாயாரிடம் மாப்பிள்ளை வீட்டைப் பற்றிக் கேட்டோம்.

"அந்தம்மாவுக்கு நான் பதில் சொல்லிட்டேன் தம்பி. எம் பொண்ணு வெயில்ல நின்னு சம்பாதிச்ச நெறம் இது, ஒங்க வீட்டுக்கு வர்ற காசும் அந்த வெயில்லேருந்துதான் வருதுன்னேன். மாப்பிள்ளை சிரிச்சிட்டாரு."

நோய் இருந்தால் ஒளியோ மருந்தோ எதுவானாலும் தயங்காமல் நல்ல டாக்டரிடம் போங்கள். வெறும் நிறத்துக்காக இரண்டு மாதச் சம்பளத்தைக் கொண்டுபோய்க் கொட்டாதீர்கள். உங்கள் வீட்டிலும் பெயரில்லாத கிரீம் டப்பா ஒன்று கண்ணாடிக்குப் பின்னால் இருக்கலாம். இன்றைக்கே எடுத்துப் பாருங்கள்.